ஓடும்போதே திருத்தலாமா? – கணிப்பொறியின் வருகைப் பதிவேடு

காலை முதல் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார். "எண் ஏழு" என்கிறார். "உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல் கேட்கிறது. பதிவேட்டில் ஏழாம் எண்ணுக்கு எதிரே யார் பெயர் உள்ளதோ, அந்த மாணவன் வந்திருக்கிறான் என்று அவர் கொள்கிறார். தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

பதிவேடு தொலைந்துபோய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரும் பள்ளிக்குப் புதியவர். இப்போதும் "எண் ஏழு" என்று அவர் கூப்பிடலாம், குரலும் வரும். ஆனால் அக்குரலுக்கு உரியவன் யார்? கணக்கில் புலியா, கால்பந்து வீரனா? குரலைக் கொண்டு எதுவும் சொல்ல முடியாது, அல்லவா?

கணிப்பொறிக்கும் இதே சங்கடம் உண்டு என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அச்சங்கடத்தைத் தீர்க்க அதற்கும் ஒரு பதிவேடு தேவைப்படுகிறது. அந்தப் பதிவேட்டைக் கணிப்பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்த முடியுமா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. பார்ப்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் உலகின் திறமைமிக்க நிரலாளர்கள் பல ஆண்டுகளாக இதனோடு மல்லாடி வருகிறார்கள்.

தன் உடலை அறியாத பொறி

கணிப்பொறியை இயக்கும் மென்பொருளின் நடுவே "கெர்னல்" என்ற பகுதி உள்ளது. கெர்னல் என்றால் பருப்பு, உள்ளீடு என்று பொருள். நினைவகத்தைப் பங்கிடுவதும், எந்த நிரல் எப்போது ஓட வேண்டும் என முடிவு செய்வதும், வன்பொருளோடு பேசுவதும் அதன் பணிகள். ஒவ்வொரு வகைச் சாதனத்தோடும் பேசுவதற்குத் தனித்தனி "இயக்கி நிரல்கள்" அதனிடம் இருக்கின்றன. எந்த இயக்கியை எந்தச் சாதனத்துக்கு அனுப்புவது? இதற்கு, எங்கே என்ன பொருத்தப்பட்டிருக்கிறது என்று கெர்னலுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மேசைக் கணிப்பொறியில் ஒரு யுஎஸ்பி மவுசைச் செருகுகிறீர்கள். உடனே அது வேலை செய்கிறது. காரணம், செருகியவுடன் மவுஸ் தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. தயாரித்த நிறுவனத்துக்கு ஓர் எண், பொருளுக்கு ஓர் எண் என இரண்டு எண்களைச் சொல்கிறது. கெர்னல் அவற்றைக் கொண்டு உரிய இயக்கியைத் தேடிப் பிடிக்கிறது. இவன் "உள்ளேன் ஐயா" என்பதோடு பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொல்லும் மாணவன்.

எல்லாச் சாதனங்களும் இப்படி வாயாடிகள் அல்ல. கைப்பேசியிலும் சிறு கணிப்பொறி அட்டைகளிலும் உள்ள பல சில்லுகள் "ஐ-ஸ்கொயர்ட்-சி" என்னும் இரண்டே கம்பிகள் கொண்ட தடத்தில் இணைக்கப்படுகின்றன. பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கிய முறை இது. இதில் ஒவ்வொரு சில்லுக்கும் ஏழு பிட் முகவரி உண்டு. இரண்டின் ஏழாம் அடுக்கு 128 அல்லவா? ஆகவே 0 முதல் 127 வரை முகவரிகள். கெர்னல் "72" என்று அழைத்தால், அம்முகவரிக்குரிய சில்லு தரவுக் கம்பியின் மின்னழுத்தத்தை ஒரு கணம் தாழ்த்திக் காட்டும். அவ்வளவுதான் அதன் "உள்ளேன் ஐயா"!

எல்எம்75 என்னும் வெப்பநிலை உணரிக்கும் 72-ஆம் முகவரி அமையலாம். ஏடிஎஸ்1115 என்னும் மின்னழுத்தம் அளக்கும் சில்லுக்கும் அதே 72 அமையலாம். பதில் தந்தது எது? கெர்னலால் நிச்சயமாகக் கூற இயலாது. தவறாக ஊகித்து வேறு இயக்கியை அனுப்பினால், மின்னழுத்தத்தை வெப்பநிலை என்று படித்துவிடும். எனவே யாரேனும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மரமாக எழுதிய பதிவேடு

அப்படி எழுதிக் கொடுப்பதற்கு ஏற்பட்டதே "டிவைஸ் ட்ரீ" என்னும் சாதன மரம். வேரில் அட்டை இருக்கும். அதிலிருந்து கிளைகளாகச் செயலி, நினைவகம், தடங்கள். தடத்திலிருந்து மேலும் கிளைகளாகச் சில்லுகள். கிளை பிரியும் இடத்தைக் கணு என்போம். ஒவ்வொரு கணுவிலும் சில குறிப்புகள் இருக்கும். நம் மொழியில் எழுதினால் ஒரு சிறு பகுதி இப்படி இருக்கும்:

அட்டை
– தடம் 1 (நிலை: இயங்குக)
– – சில்லு, முகவரி 72, வகை: எல்எம்75
– தடம் 2 (நிலை: முடங்குக)

இந்தக் கருத்து புதியதன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கணிப்பொறிகளில் பயன்பட்ட "ஓப்பன் ஃபர்ம்வேர்" என்ற முறையில் சாதன மரம் இருந்தது. 1994-இல் அது ஐஇஇஇ 1275 என்ற தரமாயிற்று. பின்னர் பவர்பிசி செயலிகளுக்கான லினக்ஸ் கெர்னல் இதனை ஏற்றுக்கொண்டது.

கைப்பேசிகளில் ஆட்சி செலுத்தும் ஏஆர்எம் செயலிகளின் கதை வேறு. அங்கு ஒவ்வோர் அட்டைக்கும் அதன் விவரங்களைக் கெர்னலின் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். அட்டைகள் பெருகப் பெருகக் கோப்புகளும் பெருகின. ஒவ்வொரு மாணவன் சேரும்போதும் பள்ளிக் கட்டடத்தையே இடித்துக் கட்டுவதுபோல் ஆயிற்று! லினக்சை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். அதன் பின்னர் ஏஆர்எம் உலகமும் சாதன மரத்துக்கு வேகமாக மாறியது. விவரம் தனிக் கோப்பாயிற்று. ஒரே கெர்னல், பதிவேட்டை மட்டும் மாற்றிக்கொண்டு, பல அட்டைகளில் ஓடக்கூடியதாயிற்று.

கணிப்பொறி துவங்கும்போது "துவக்கி நிரல்" என்னும் சிறிய நிரல் இம்மரத்தை நினைவகத்தில் வைத்துவிட்டுக் கெர்னலை எழுப்பும். கெர்னல் மரத்தைப் படித்துத் தன் உடலை அறிந்துகொள்ளும்.

பாதி ஆண்டில் சேரும் மாணவன்

இதுவரை எல்லாம் நலமே. ஆனால் பள்ளியில் ஜூன் மாதத்தில் மட்டுமா மாணவர் சேருகிறார்கள்? தந்தைக்கு வேலை மாற்றம் ஆகி அக்டோபரில் ஒருவன் வந்து நிற்பதில்லையா?

அப்படி ஒரு நிலை 2011 அக்டோபரில் வெளிவந்த "பீகிள்போன்" என்ற சிறு கணிப்பொறி அட்டைக்கும், 2013 ஏப்ரலில் வந்த அதன் தம்பி "பீகிள்போன் பிளாக்" அட்டைக்கும் ஏற்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் இந்த அட்டையின் இருபுறமும் வரிசைக்கு 46 வீதம் 92 முனைகள் உள்ளன. அவற்றின்மேல் "கேப்" என்னும் துணை அட்டைகளைச் செருகலாம். ஒன்று திரையாக இருக்கலாம், மற்றொன்று மோட்டார்களை இயக்கலாம். நான்கு துணை அட்டைகள் வரை அடுக்கலாம்.

சிக்கல் எங்கே என்றால், செயலியின் ஒரு முனை எட்டு வேலைகள் வரை செய்யவல்லது. ஒரே முனை விளக்கை எரிக்கலாம், ஒரு தடத்தின் கம்பியாகலாம், மோட்டாருக்குத் துடிப்பு அனுப்பலாம். எந்த வேலை என்பது எந்தத் துணை அட்டை அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எத்தனையோ துணை அட்டைகள், அவற்றின் எத்தனையோ சேர்க்கைகள்! ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு முழு மரம் எழுதுவது ஆகிற காரியமா?

புவியியல் வகுப்பில் இந்திய வரைபடத்தின்மேல் ட்ரேசிங் தாளை விரித்து ஆறுகளை மட்டும் வரைந்திருப்பீர்கள். அடியில் உள்ள படம் அப்படியே இருக்கும். மேல் தாளில் ஆறுகள் மட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முழுப்படம். இதே உத்தியைப் பொறியாளர்கள் கையாண்டார்கள். அட்டைக்கு ஓர் அடிப்படை மரம். துணை அட்டை ஒவ்வொன்றுக்கும், அது கொண்டுவரும் மாறுதல்களை மட்டும் எழுதிய சிறு துண்டு. இத்துண்டுக்கு "ஓவர்லே" என்று பெயர். நாம் மேலடுக்கு எனலாம்.

பீகிள்போனின் துணை அட்டையில் பெயர் எழுதிய ஒரு சிறு நினைவுச் சில்லு உண்டு. 84 முதல் 87 வரையிலான முகவரிகளில் இச்சில்லுகளைத் தேடிப் பெயரைப் படித்து, அப்பெயருக்குரிய மேலடுக்கைக் கோப்புகளிலிருந்து எடுத்து மரத்தோடு இணைத்தது கெர்னல். 2014-இல் ராஸ்பெர்ரி பை குழுவினர் "ஹாட்" என்ற துணை அட்டைகளுக்கு விதி வகுத்தபோது, மேலடுக்கையே அந்த நினைவுச் சில்லுக்குள் எழுதி வைக்கவும் வழிசெய்தார்கள். மாற்றுச் சான்றிதழைக் கையோடு கொண்டுவரும் மாணவனைப்போல!

மேலடுக்கு மரத்தில் சேர்வது எப்படி?

பான்டெலிஸ் அன்டோனியூ என்ற நிரலாளர் எழுதிய மேலடுக்கு முறை, 2015 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 3.19 பதிப்பில் இடம்பெற்றது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் ஒரு மேலடுக்கை எவ்வாறு ஏற்கிறது என்று படிப்படியாகக் காண்போம்.

முதற்படி, இடம் தேடுதல். "தடம் 2-இல் என்னைச் சேர்" என்று மேலடுக்கு கேட்கும். அந்தப் பெயர் அடிப்படை மரத்தில் எந்தக் கணுவைக் குறிக்கிறது? இதனை அறியப் பெயர்ப்பட்டியல் ஒன்று மரத்திலேயே வைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் மேலடுக்கு வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும்.

இரண்டாம் படி, எண்களைத் திருத்துதல். ஒரு கணு இன்னொன்றைச் சுட்டுவதற்கு அடையாள எண்கள் உண்டு. மேலடுக்கை எழுதியவர் தம் கணுக்களுக்கு 1, 2 என்று எண் இட்டிருப்பார். மரத்திலும் 1, 2 இருக்குமே! ஆகவே கெர்னல் மரத்திலுள்ள மிகப் பெரிய எண்ணைப் பார்க்கிறது. அது 60 என்றால், மேலடுக்கின் எண்கள் எல்லாவற்றோடும் 61-ஐக் கூட்டுகிறது. 1 என்பது 62 ஆகும், 2 என்பது 63 ஆகும். மோதலே இல்லை! எளிய கூட்டலால் தீர்ந்த ஒரு பெரிய சிக்கல்.

மூன்றாம் படி, மாறுதல்களைச் செய்தல். செய்யவேண்டிய மாறுதல்களைக் கெர்னல் முதலில் ஒரு பட்டியலாக எழுதிக்கொள்கிறது. பின்னர் ஒவ்வொன்றாகச் செய்கிறது. இடையில் ஒன்று தவறினால், செய்தவற்றைப் பின்னிருந்து முன்னாக ஒவ்வொன்றாய்த் திரும்பப் பெறுகிறது. பாதி மாறிய மரம் ஆபத்தானது. ஒன்று முழுவதும் மாற வேண்டும், அல்லது ஒன்றுமே மாறக்கூடாது.

நான்காம் படி, அறிவிப்பு. "தடம் 2-இல் புதியவர் வந்திருக்கிறார்" என்று உரிய பகுதிக்குச் செய்தி போகிறது. அது இயக்கி நிரலை எழுப்புகிறது. சில்லு வேலை செய்யத் தொடங்குகிறது.

இவ்வளவும் நடக்கும்போது கணிப்பொறி ஒரு கணமும் நிற்பதில்லை. சில மேலடுக்குகள் செய்வது மிகச் சிறிய மாறுதல்தான். "முடங்குக" என்றிருந்த ஒரு சொல்லை "இயங்குக" என மாற்றும். உறங்கிக் கிடந்த தடம் விழித்தெழும்!

பெயரை அடிப்பதுதான் கடினம்

இனித்தான் கதையின் முக்கியமான பகுதி. சேர்த்த மேலடுக்கைத் திரும்ப எடுப்பது எப்படி?

பள்ளியில் ஒருவனைச் சேர்க்கப் பதிவேட்டில் ஒரு வரி எழுதினால் போதும். அவன் பள்ளியை விட்டுப் போகும்போது என்ன நடக்கிறது? அந்த வரியை அடித்துவிட்டால் போதுமா? நூலகப் புத்தகத்தைத் திருப்பினானா? ஆய்வுக்கூடத்தில் உடைத்த குடுவைக்குப் பணம் கட்டினானா? எங்கும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கிய பிறகுதானே மாற்றுச் சான்றிதழ்?

கெர்னலிலும் இதே பாக்கிதான் தொல்லை. ஓர் இயக்கி ஒரு கணுவின் குறிப்பைக் கேட்கும்போது, கெர்னல் அதற்குப் பிரதி எடுத்துத் தருவதில்லை. "நினைவகத்தில் இன்ன இடத்தில் எழுதியிருக்கிறது, பார்த்துக்கொள்" என்று இடத்தைச் சுட்டிக் காட்டுகிறது. இது விரைவான முறை, சிக்கனமும்கூட. மரம் என்றும் மாறாது என்றிருந்த காலத்தில் இதில் தீங்கே இல்லை. ஆனால் மேலடுக்கை நீக்கி அந்த இடத்தைத் துடைத்து வேறு செய்திக்குக் கொடுத்துவிட்டால்? பழைய இடத்தைக் குறித்துவைத்திருக்கும் இயக்கி, அங்கே உள்ள வேறெதையோ தன் குறிப்பென்று படிக்கும். அதன் விளைவு, சில வேளைகளில் கணிப்பொறி முழுவதுமே நின்றுபோகும்.

கணுக்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. எத்தனை பேர் ஒரு கணுவைப் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு வைக்கப்படுகிறது. ஒருவர் விட்டால் ஒன்று குறையும்; பூஜ்யம் ஆனபின் அழிக்கலாம். ஆனால் கணுவுக்குள் உள்ள குறிப்புகளுக்குத் தனித்தனிக் கணக்கு இல்லை. யார் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாது. ஆகவே, அடிப்படை மரத்தின் ஒரு கணுவில் உள்ள குறிப்பை மேலடுக்கு மாற்றும்போது, கெர்னல் தன் நாட்குறிப்பில் ஓர் எச்சரிக்கை எழுதி வைக்கிறது: "இதனைப் பின்னர் நீக்கினால் நினைவகம் கசியும்". அதாவது, அவ்விடத்தைத் துடைக்கவும் துணிவில்லை, வேறு யாருக்கும் தரவும் துணிவில்லை. அது பூட்டிய அறைபோல் வீணாகக் கிடக்கும்.

மற்றொரு சிக்கல் வரிசை. முதல் ட்ரேசிங் தாளில் ஆறு வரைந்தீர்கள். அதன்மேல் இரண்டாம் தாளில், அந்த ஆற்றின் கரையில் ஊர்களைக் குறித்தீர்கள். இப்போது ஆற்றுத் தாளை மட்டும் உருவினால், ஊர்கள் ஆறில்லாத வெற்றிடத்தில் நிற்கும்! ஆகவே, பின்னால் வந்த மேலடுக்கு அதே கணுவைத் தொட்டிருந்தால், முன்னதை நீக்கக் கெர்னல் மறுத்துவிடுகிறது. கடைசியில் வந்தது முதலில் போக வேண்டும்.

பீகிள்போனின் தொடக்க காலத்தில் மேலடுக்கை நீக்கப்போய்க் கெர்னல் நிலைகுலைவதுண்டு. "சேர்ப்பதை ஓடும்போதே சேருங்கள், நீக்க வேண்டுமானால் அட்டையை நிறுத்தித் தொடங்குங்கள்" என்பதே அந்நாளைய வழக்கமான அறிவுரை. இத்தகைய அனுபவங்களால், பயனர் நினைத்தபோது மேலடுக்கை ஏற்றி இறக்கப் பொது வாசல் ஒன்று வைக்கலாம் என்ற திட்டம் முன்வந்தபோது, மூல லினக்ஸ் கெர்னல் அதனை ஏற்கவில்லை. பீகிள்போனிலும் இப்பணி பின்னர் துவக்கி நிரலிடம் ஒப்படைக்கப்பட்டது. கெர்னல் கண் விழிக்கும் முன்பே தாள்கள் ஒட்டப்பட்டுவிட்டால், பழைய இடத்தைக் குறித்துவைத்தவர் எவரும் இருக்கமாட்டார் அல்லவா? ராஸ்பெர்ரி பையிலும் பெரும்பாலும் இதுவே வழக்கம். ஆயினும் ஓடும்போது சேர்ப்பதற்கும் அதில் ஒரு கட்டளை உண்டு.

நிறுத்தவே முடியாத இடங்கள்

"நிறுத்தித் தொடங்கினால் போயிற்று, இதற்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

எஃப்பிஜிஏ என்று ஒருவகைச் சில்லு உண்டு. அதன் உள்ளே உள்ள சுற்றுகளின் இணைப்பை நாமே அமைக்கலாம், கலைத்து வேறு விதமாகவும் அமைக்கலாம். காலையில் படங்களைச் சுருக்கும் சுற்றாக இருந்த பகுதியை, மாலையில் சமிக்ஞைகளை வடிகட்டும் சுற்றாக்கலாம். அதே சில்லின் மற்றொரு மூலையில் கெர்னல் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே மாறுவது விவரம் மட்டுமன்று, வன்பொருளே மாறுகிறது! அதற்கேற்பப் பதிவேடும் மாறியாக வேண்டும். மேலடுக்கு முறை இங்கே வசதியன்று, கட்டாயத் தேவை.

அதுபோலவே ஐபிஎம் நிறுவனத்தின் பவர் வகைப் பெரிய கணிப்பொறிகளில், ஓடிக்கொண்டிருக்கும்போதே செயலிகளையும் நினைவகத்தையும் கூட்டவும் குறைக்கவும் முடியும். அப்போதும் கெர்னல் தன் சாதன மரத்தைத் திருத்திக்கொள்கிறது. பலர் கணக்குகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் பொறியை நினைத்தபோது நிறுத்திவிட முடியுமா?

ஒரு செய்தியை நினைவில் கொள்ளுங்கள். மரத்தில் எழுதுவதைக் கெர்னல் அப்படியே நம்புகிறது. மின்னழுத்தம்கூட அங்கே மைக்ரோவோல்ட் கணக்கில் எழுதப்படுகிறது. 3.3 வோல்ட் என்பதற்கு 3300000 என்று எழுத வேண்டும். முதல் 3-க்குப் பதிலாக 5 என்று விழுந்துவிட்டால், அச்சுப்பிழை என்று கெர்னலுக்குத் தெரியாது. தாங்காத சில்லு கருகிப்போகலாம். பதிவேடு எழுதுபவரின் கைதான் காவல்.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியில் ராஸ்பெர்ரி பை இருந்தால், "ப்ராக்" என்ற அடைவுக்குள் "டிவைஸ்-ட்ரீ" என்ற கிளையைத் திறந்து பாருங்கள். மரம் முழுவதும் அங்கே விரிந்து கிடக்கும். அதில் "மாடல்" என்ற கோப்பைப் படித்தால் அட்டையின் பெயர் தெரியும்.

அட்டை இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் போதும். உங்கள் வீட்டின் மின் இணைப்புகளை மரமாக வரையுங்கள். வேரில் மீட்டர், கிளைகளில் அறைகள், நுனிகளில் விளக்கும் மின்விசிறியும். இப்போது ஓர் அறைக்குப் புதிய மின்விசிறி சேருங்கள். எத்தனை வரிகள் எழுதினீர்கள்? அடுத்து, ஓர் அறையையே நீக்குங்கள். அந்த அறையின் சுவிட்சிலிருந்து வேறு எந்த விளக்குக்கேனும் கம்பி போகிறதா? அதே கிளையில் வேறு யாரேனும் மின்சாரம் பெறுகிறார்களா? எத்தனை இடங்களைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சேர்ப்பதற்கு எழுதிய வரிகளின் எண்ணிக்கையையும், நீக்குவதற்குச் சரிபார்த்த இடங்களின் எண்ணிக்கையையும் அருகருகே எழுதுங்கள். கெர்னல் நிரலாளர்களின் தலைவலி என்ன என்பது அந்த இரண்டு எண்களிலேயே விளங்கிவிடும்.